ஏற்றமின்றி ஏறும் நீர்



சென்ற கோடையில் நண்பர் ஒருவரின் சிற்றூர் இல்லத்தில் ஒரு நாள் தங்க நேர்ந்தது. அன்று காலையிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. மாடித் தொட்டியில் இருந்த நீர் முற்பகலுக்குள் தீர்ந்தது. குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. கிணற்றில் வாளியிட்டு இறைக்கும் பணி நண்பரின் தலையில் விழுந்தது. அவருடைய எட்டு வயது மகள் கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கிணற்றை ஒட்டி வளர்ந்திருந்த தென்னையின் உச்சி, மாடித் தொட்டியைப் போல் இருமடங்கு உயரத்தில் அசைந்துகொண்டிருந்தது.

"அப்பா, கரண்டு இல்லாமலே தென்னைக்குத் தண்ணீர் மேலே போகிறதே, அதற்கு யார் இறைத்துக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

நண்பர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வேர் உறிஞ்சிக்கொள்கிறது, அம்மா" என்றேன். "வேர் கீழேதானே இருக்கிறது, மாமா? அவ்வளவு உயரத்துக்குத் தள்ளுவது யார்?" என்றாள் அவள். உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

தென்னையின் நிலையும் நன்றாக இல்லை. கீழ் மட்டைகள் சில ஒடிந்து அடிமரத்தோடு தொங்கின. குரும்பைகள் உதிர்ந்து கிடந்தன. "என் தந்தையார் நட்ட மரம், நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. மனிதருக்கே நீர் போதாதபோது மரத்துக்கு எங்கே போவது? மழை வந்தால் தானே தேறிவிடும்" என்றார் நண்பர்.

மகள் கேட்டது ஒரு வினா. தந்தை கூறியது ஒரு நம்பிக்கை. வினாவுக்கு விடை தெரிந்தால்தான், நம்பிக்கை சரியா தவறா என்பதும் தெரியவரும். ஆகவே இம்மாதம் அவ்விடையைத் தேடிப் புறப்படுவோம்.

எவ்வளவு நீர்?

செடி மேலேற்றும் நீரை நிறுத்துப் பார்த்தவர்களுள் முன்னோடி, ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயர். இலண்டனுக்கு அருகிலுள்ள டெடிங்டன் என்னும் ஊரில் 1709ஆம் ஆண்டு முதல் 1761இல் இறக்கும் வரை ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவாகப் பணியாற்றியவர். 1724ஆம் ஆண்டுக் கோடையில் அவர், மூன்றரை அடி உயரமுள்ள சூரியகாந்திச் செடி ஒன்றைத் தொட்டியோடு எடுத்துக்கொண்டார். மண்ணிலிருந்து நேரே நீர் ஆவியாகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடினார். பின்னர்ப் பதினைந்து நாட்கள் காலையும் மாலையும் தொட்டியை நிறுத்துக் குறித்துவந்தார். பகல் பொழுதில் மட்டும் அச்செடி சராசரியாக 570 கிராம் நீரை இலைகளின் வழியே இழந்தது. மிகுந்த வெப்பமும் வறட்சியும் கொண்ட ஒரு நாளில் அது 850 கிராமாக உயர்ந்தது. பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால் சூரியகாந்தி மனிதனைப் போல் 17 மடங்கு நீரை வெளியிடுகிறது என்று அவர் கணக்கிட்டார். 1727இல் வெளியான அவருடைய நூலில் இச்செய்திகள் இடம்பெற்றுள்ளன.

வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இவ்வாறே ஆவியாகி வெளியேறிவிடுகிறது. இதனை நீராவிப்போக்கு என்பர். ஏன் இந்த வீண் செலவு? இலை தன் உணவைச் சமைக்கக் காற்றிலுள்ள கரியமில வாயு வேண்டும். காற்றில் அது பதினாயிரத்தில் நான்கு பங்கு அளவே உள்ளது. அதனைப் பெற இலை தன் நுண்ணிய துளைகளைத் திறந்தாக வேண்டும். திறந்த வாயிலில் ஒரு மூலக்கூறு கரியமில வாயு உள்ளே வருவதற்குள், நூற்றுக்கணக்கான மூலக்கூறு நீர் வெளியேறிவிடுகிறது. உண்ண வாய் திறக்கும்போதெல்லாம் தாகம் வருவது இலையின் விதி. இந்த இழப்பு வீணானதன்று என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

கீழிருந்து தள்ள முடியுமா?

வேர்தான் நீரை மேலே தள்ளுகிறதோ என்பது யாவர்க்கும் முதலில் தோன்றும் ஐயம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. பருவம் தவறி வெட்டப்பட்ட ஒரு திராட்சைக் கொடியிலிருந்து சாறு ஒழுகுவதை நிறுத்த, ஹேல்ஸ் வெட்டுவாயின்மேல் விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலை இழுத்துக் கட்டினார். சாற்றின் விசையால் அத்தோல் பந்துபோல் புடைத்தது. பின்பு கண்ணாடிக் குழாய்களைப் பொருத்திப் பார்த்தபோது சாறு 20 அடிக்கு மேல் ஏறிற்று. இதுவே வேர் அழுத்தம். நம் தோட்டத்துப் புல் நுனியிலும் சேம்பிலையின் ஓரத்திலும் விடியற்காலையில் முத்து முத்தாக நிற்கும் நீர், பல வேளைகளில் பனித்துளி அன்று. இரவில் வேர் தள்ளிய நீர் இலை ஓரத்தில் கசிந்து நிற்பதேயாகும்.

ஆயினும் வேர் அழுத்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டுவதில்லை. மண்ணில் ஈரம் மிகுந்திருக்கும் இரவில்தான் அது வலுவாகத் தோன்றும். நீர் மிகுதியாகத் தேவைப்படும் நண்பகலில் அது மறைந்துவிடுகிறது. ஊசியிலை மரங்களுள் பெரும்பாலானவற்றில் அது காணப்படுவதே இல்லை.

அவ்வாறாயின் நுண்புழை ஏற்றமோ? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தண்டின் நுண் குழாய்களில் நீர் ஏறக்கூடும் அன்றோ? ஏறும், ஆனால் எவ்வளவு உயரம்? மில்லிமீட்டரில் 25இல் ஒரு பங்கு அகலமுள்ள குழாயில் நீர் தானே ஏறும் உயரம் சுமார் முக்கால் மீட்டர் மட்டுமே. காசித்தும்பைக்கு அது போதும், தென்னைக்குப் போதாது.

பம்பு போல உச்சியிலிருந்து உறிஞ்ச முடியுமா? இதற்கு நம் உழவர்களே விடை கூறுவர். கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, பம்புசெட்டைக் கிணற்றுக்குள்ளே மேடை கட்டி இறக்குவதை நாம் கண்டிருக்கிறோம். உறிஞ்சும் பம்பு உண்மையில் நீரை இழுப்பதில்லை. அது குழாயில் வெற்றிடம் உண்டாக்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. வெளிக்காற்றால் நீரைத் தாங்கக்கூடிய உயரம் 34 அடிதான். நடைமுறையில் 25 அடிக்குமேல் பம்பு திணறும். ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்டு, ஹைபீரியன் எனப் பெயரிடப்பட்ட ரெட்வுட் மரம் 115 மீட்டருக்கும் மேற்பட்டது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் ஒன்றேமுக்கால் மடங்கு உயரம். அதன் உச்சி இலைக்கும் நீர் செல்கிறது.

உயிருள்ள பம்பு உண்டா?

இனி எஞ்சிய ஐயம் ஒன்று. தண்டு நெடுகிலும் உயிருள்ள செல்கள், நம் இதயம் போலத் துடித்துத் துடித்து நீரைக் கைமாற்றி மேலே அனுப்புகின்றனவோ? நம் நாட்டின் தலைசிறந்த அறிஞர் ஜகதீச சந்திர போஸ் இவ்வாறே கருதினார். கல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் இயேசு சபைக் குரு லாஃபோன் அடிகளாரிடம் இயற்பியல் பயின்றவர் அவர். மரச்சாறு ஏறுவதைப் பற்றி 1923இல் ஒரு நூலே எழுதினார். தாவரங்களின் உணர்வை நுட்பமாக அளந்து காட்டிய அப்பெருமகனாரின் இக்கருத்தை மட்டும் அறிவியல் உலகம் ஏற்கவில்லை.

ஏற்காமைக்குக் காரணம் உண்டு. ஜெர்மனியின் பான் நகரில் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் என்னும் தாவரவியலார் 1890களின் தொடக்கத்திலேயே ஒரு துணிகரமான சோதனையைச் செய்திருந்தார். 20 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஓக் மரம் ஒன்றை அடியில் அறுத்து, அறுத்த அடியைப் பிக்ரிக் அமிலக் கரைசலில் நிறுத்தினார். அது செல்களைக் கொல்லும் நஞ்சு. நஞ்சு மேலே ஏறிற்று. ஏறிய வழியெல்லாம் உயிர்ச் செல்களைக் கொன்றுகொண்டே ஏறிற்று. சில நாட்கள் கழித்துச் சாயம் கலந்த நீரை வைத்தார். செல்கள் மடிந்த அத்தண்டின் வழியே சாயமும் ஏறிற்று. ஆகவே நீரை ஏற்றுவது தண்டின் உயிர்ச் செல்கள் அல்ல என்பது உறுதியாயிற்று.

நீர் செல்லும் குழாய்களே இறந்த செல்களால் ஆனவைதாம். சைலம் எனப்படும் அத்திசுவில், செல்கள் முதலில் வளர்ந்து, தம் சுவரைத் தடிக்கச் செய்து, பின்பு உள்ளீடு முழுவதும் நீங்கி மடிகின்றன. மா, வேம்பு போன்றவற்றில் அடுக்கி நின்ற செல்களின் இடைச்சுவர்களும் கரைந்து நீண்ட குழாயாகின்றன. உயிரோடு இருக்கும் வரை அவற்றின் வழியே நீர் தடையின்றிச் செல்லாது. மடிந்த பின்னரே அவை மரத்துக்கு வாய்க்கால் ஆகின்றன.

மேலிருந்து இழுப்பு

ஸ்ட்ராஸ்பர்கரிடம் பயின்றவர் ஹென்றி டிக்சன் என்னும் இளைஞர். அவர் அயர்லாந்துக்குத் திரும்பி, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜான் ஜோலி என்னும் இயற்பியல் அறிஞரோடு சேர்ந்து இவ்வினாவை ஆராய்ந்தார். 1894–95இல் இருவரும் வெளியிட்ட விடை கேட்டோரைத் திகைக்கச் செய்தது. நீரை எதுவும் தள்ளவில்லை. இலைகள் அதனைக் கயிற்றை இழுப்பது போல மேலிருந்து இழுக்கின்றன என்றனர்.

நீரைக் கயிறாகக் கொள்ள முடியுமா? முடியும் என்பதே விந்தை. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாகப் பற்றிக்கொள்பவை. தாமரை இலையில் நீர் உருண்டு திரள்வதும், குழாயின் வாயில் சொட்டு விழாமல் தொங்குவதும் அப்பற்றினால்தான். இலையின் உள்ளே உள்ள செல்சுவர்கள் எப்போதும் நனைந்திருக்கும். அச்சுவரின் நார்களுக்கிடையே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஒரு இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு போன்றது. வெயில் பட்டு அங்கிருந்து நீர் ஆவியாகும்போது, அந்நுண்ணிய இடைவெளிகளில் நீரின் பரப்பு உட்குழிகிறது. குழிந்த பரப்பு மீண்டும் சமமாக முயன்று தன் பின்னுள்ள நீரை இழுக்கிறது. அது தன் பின்னுள்ளதை இழுக்கிறது. இவ்வாறு இலை நரம்பு, காம்பு, கிளை, அடிமரம் வழியாக அவ்விழுப்பு வேர்த்தூவிக்கும், அதனைத் தொட்டு நிற்கும் மண்ணின் ஈரத்துக்கும் எட்டுகிறது. தேரின் வடத்தை முன்னே பற்றி இழுப்போரின் வலிமை, பின்னே உள்ள தேரை நகர்த்துகிறது அன்றோ? இங்கே வடம் நீர், இழுப்பது இலை, இலைக்கு அவ்வலிமையைத் தருவது கதிரவனின் வெப்பம். இலை இழக்கும் நீர் வீண் அன்று என்று மேலே கூறியது இதனால்தான். இழப்பே இழுப்பு ஆகிறது.

பம்புக் குழாயில் 34 அடியில் முறியும் நீர், மரத்தில் மட்டும் ஏன் முறிவதில்லை? பம்புக் குழாய் அகன்றது. அதில் தூசியும், சுவரில் ஒட்டிய காற்றுக் குமிழிகளும் உண்டு. நீர்க்கயிறு அறுபடத் தொடங்குவது அக்குமிழிகளிலிருந்துதான். மரத்திலோ வேர் வடிகட்டிய நீர், தொடக்கம் முதல் முற்றும் நனைந்த நுண்ணிய குழாய்களில் நிற்கிறது. குமிழி தோன்ற இடமே அரிது. 1950இல் அமெரிக்க இயற்பியலார் லைமன் பிரிக்ஸ், தூய நீர் நிரப்பிய மெல்லிய கண்ணாடிக் குழாயை மிக வேகமாகச் சுழற்றிச் சோதித்தார். 277 வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடான இழுப்பு வரை அந்நீர் அறாமல் நின்றது. 115 மீட்டர் மரத்துக்குத் தேவைப்படுவது, நீரின் எடைக்கும் குழாயின் உராய்வுக்கும் சேர்த்து ஏறத்தாழ 20 வளிமண்டல அளவேயாகும்.

சான்றுகள்

இக்கோட்பாடு உடனே ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஆயினும் சான்றுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கீழிருந்து தள்ளப்பட்டால் பகலில் அடிமரம் சற்றே பருக்க வேண்டும்; மேலிருந்து இழுக்கப்பட்டால் சற்றே சுருங்க வேண்டும். 1920களில் மெக்டூகல் என்னும் அமெரிக்கர் மரத்தைச் சுற்றிக் கருவி பூட்டி அளந்தார். மரம் பகலில் சுருங்கி இரவில் மீண்டது. 1930களில் புரூனோ ஹூபர் என்பார், தண்டின் ஓரிடத்தைச் சிறிதே சூடாக்கி, அச்சூடு மேலே வந்து சேரும் நேரத்தைக் கொண்டு நீரோட்டத்தை அளந்தார். விடிந்ததும் நீரோட்டம் முதலில் தொடங்கியது உச்சிக் கிளைகளில், அடிமரத்தில் பின்னரே. இழுப்பவர் மேலே இருக்கிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? ஓக் மரத்தில் அவ்வோட்டம் மணிக்கு 40 மீட்டரைத் தாண்டியது. ஊசியிலை மரங்களில் ஒன்றிரண்டு மீட்டர்தான்.

1965இல் பெர் ஷோலண்டர் என்பார் இழுவிசையையே அளக்க வழி கண்டார். கிளை ஒன்றை வெட்டியவுடன், நீட்டி இழுக்கப்பட்டிருந்த நீர், அறுந்த ரப்பர் நாடா போல உள்ளே பின்வாங்குகிறது. அக்கிளையை இரும்புப் பேழைக்குள் அடைத்து, வெட்டிய முனை மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டினால், ஒரு கட்டத்தில் நீர் மீண்டும் முனையில் எட்டிப் பார்க்கும். அவ்வழுத்தமே அக்கிளையில் இருந்த இழுப்பின் அளவு. நெடிய மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அவர் குழுவினர் சோதித்தனர்.

அவர்கள் கண்டவற்றுள் வியக்கத்தக்கது கடற்கரைச் சதுப்பு மரங்களைப் பற்றியது. நம் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் உள்ள சுரபுன்னை, வெண்கண்டல் போன்ற மரங்களின் இனத்தவை அவை. உப்பு நீரிலிருந்து நன்னீரைப் பிரிக்க வேண்டுமாயின், கடல்நீரின் உப்பு பிடித்திழுக்கும் ஏறத்தாழ 25 வளிமண்டல விசையை வெல்ல வேண்டும். அம்மரங்களின் கிளைகளில் 35 முதல் 60 வளிமண்டலம் வரை இழுவிசை இருந்தது. மோட்டார் கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் இரண்டு வளிமண்டல அளவே என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிட்டு, நீரை மட்டும் அம்மரங்கள் மேலே இழுத்துக்கொள்கின்றன. 2008இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், உயிர் ஏதும் இல்லாத செயற்கை 'மரம்' ஒன்றைக் கூழ்மப் பொருளால் செய்து, இதே முறையில் நீரை இழுத்துக் காட்டினர்.

கயிறு அறுந்தால்?

இங்கேதான் நண்பரின் தென்னைக்கு வருகிறோம். கயிறு எவ்வளவு வலியதாயினும் ஓர் எல்லை உண்டு. மண் வறள வறள, அதிலுள்ள சிறிதளவு நீரைப் பிரித்தெடுக்க இலை மேலும் வலிந்து இழுக்க வேண்டியிருக்கிறது. இழுப்பு எல்லை மீறும்போது, பக்கத்திலுள்ள காற்று நுண்துளை வழியே குழாய்க்குள் பாய்கிறது. நீரிழை அறுந்து, குழாய் காற்றால் நிரம்பிவிடும். அதன்பின் அக்குழாயால் பயனில்லை.

அவ்வாறு அறுபடுவதைக் காதாலும் கேட்கலாம். 1966இல் மில்பர்ன், ஜான்சன் என்னும் இருவர், வாடும் ஆமணக்கு இலையில் ஒலியை உணரும் நுண் கருவியைப் பொருத்திக் கேட்டனர். 'டிக், டிக்' என்று ஒலிகள் எழுந்தன. ஒவ்வோர் ஒலியும் ஒரு நீரிழை அறுந்ததன் அடையாளம். இலைக்கு நீர் வார்த்ததும் ஒலி அடங்கியது.

மரத்துக்குத் தற்காப்பும் உண்டு. குழாய்களுக்கிடையே உள்ள மெல்லிய சவ்வுகள், ஒரு குழாயில் புகுந்த காற்று அடுத்த குழாய்க்குப் பரவாமல் தடுக்கின்றன. வெயில் கடுமையானால் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. புல், சோளம், திராட்சைக்கொடி போன்றவை இரவில் வேர் அழுத்தத்தால் குமிழிகளைக் கரைத்து மீண்டும் நீர் நிரப்பிக்கொள்ளக்கூடும். ஆனால் அதற்கு மண்ணில் ஈரம் வேண்டும். 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, உலகின் 81 இடங்களைச் சேர்ந்த 226 வகை மரங்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றுள் நூற்றுக்கு 70, நீரிழை அறுபடும் எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்ந்து வருகின்றன என்று அது காட்டியது. மழைக்காட்டு மரமாயினும் வறள்நிலத்து மரமாயினும் இதுவே நிலை.

தொல்காப்பியர் தம் மரபியலில், வயிரம் வெளிப்புறத்தே உடையவற்றைப் புல் என்றும், உள்ளே உடையவற்றை மரம் என்றும் பிரித்தார். தென்னையும் பனையும் அவர் கணக்கில் புல். மாவும் வேம்பும் மரம். இப்பிரிவு நீரின் வழியிலும் பொருந்துகிறது. மாவும் வேம்பும் பட்டைக்கு உட்புறத்தே புதிது புதிதாகக் குழாய்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பழைய குழாய்கள் அடைபட்டு உள்ளே வயிரமாகிவிட்டாலும் வெளியே புதியவை பணி செய்யும். தென்னைக்கு அவ்வாய்ப்பு இல்லை. அடிமரம் உருவான நாளில் அமைந்த குழாய்களே அதன் வாழ்நாள் முழுவதும் நீர் சுமக்க வேண்டும். நண்பரின் தந்தையார் நட்ட காலத்துக் குழாய்களே இன்றும் அத்தென்னைக்கு உயிர் ஊட்டுகின்றன.

ஆகவே தென்னை முன்னெச்சரிக்கையாக வாழ்கிறது. பருத்த தண்டில் நீரைச் சேமித்து வைக்கிறது. நீர் குறைந்தால் முதலில் குரும்பைகளை உதிர்க்கிறது. அடுத்துக் கீழ் மட்டைகளைக் கைவிடுகிறது. உச்சிக் குருத்தையும் அடிமரத்தையும் காக்கப் பார்க்கிறது. நாம் கிணற்றடியில் கண்டவை அவ்விழப்புகளே. அதற்கும் மேல் வறட்சி நீண்டு, அடிமரத்துக் குழாய்கள் பெருமளவில் அடைபட்டுவிட்டால், பின்பு எவ்வளவு மழை பெய்தாலும் அந்த நீர் உச்சிக்கு எட்டாது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது, நம் மாநிலத்தில் எத்தனை தென்னந்தோப்புகள் பட்டுப்போயின என்பதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மழை வந்தால் தானே தேறிவிடும் என்பது எல்லா வேளையும் மெய்யாவதில்லை. மழை வரும்வரை இழை அறாமல் காத்தால்தான் மெய்யாகும்.

இல்லத்தில் நாம் செய்யக்கூடியவை

தென்னைக்கு: மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில், தேங்காய் உரிமட்டை நூறளவில், குவிந்த பக்கம் மேலாகக் கவிழ்த்துப் பரப்புங்கள். காய்ந்த கீற்றுகளையும் பரப்பலாம். மண்ணின் ஈரம் வெயிலுக்குப் பறிபோகாது. பாத்திரம் கழுவிய நீரையும் குளித்த நீரையும் வாய்க்கால் வெட்டித் தென்னைக்குத் திருப்பிய நம் முன்னோர் வழக்கத்தை மீண்டும் மேற்கொள்ளுங்கள். மட்டைகள் தொங்கிய பிறகு அன்று, தொங்குவதற்கு முன்பே.

நாற்றுகளுக்கு: கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றுகளைப் பிடுங்கும்போது நீர் உறிஞ்சும் வேர்த்தூவிகள் அறுந்துவிடுகின்றன. இலையோ முன்போலவே இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே மாலையில் நடுங்கள்; இரவு முழுவதும் வேர் மண்ணைப் பற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். முதல் இரண்டொரு நாள் நிழல் கொடுங்கள்.

உச்சி வேளையில் செடி வாடினால்: மண்ணில் விரலைவிட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மேலும் நீர் ஊற்ற வேண்டாம். இழுப்பின் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க இயலாத வாட்டம் அது. வெயில் தாழ்ந்ததும் தெளியும். மாலையிலும் தெளியாவிடில்தான் நீர் கேட்கிறது என்று பொருள்.

உரத்துக்கு: விரைவில் வளரட்டும் என்று யூரியாவை அள்ளிப்போட்டால், மண்ணின் நீர் உப்பு நீர் போலாகிறது. வேரால் அதை இழுக்க இயலாது. நனைந்த மண்ணிலேயே செடி கருகும்.

பூச்சாடிக்கு: பீடத்துக்கோ வரவேற்பறைக்கோ வைக்கும் சம்பங்கி, ரோசா போன்ற மலர்களின் காம்பைக் காற்றில் வெட்டினால், நீரிழை பின்வாங்கி அவ்விடத்தில் காற்றுப் புகுந்து அடைத்துக்கொள்ளும். காம்பின் முனையை ஒரு கிண்ண நீருக்குள் அமிழ்த்தியபடியே மீண்டும் ஓர் அங்குலம் வெட்டி, உடனே சாடிக்கு மாற்றுங்கள். மலர் வாடாது நிற்கும் நாட்கள் கூடும்.

பிள்ளைகளுக்கு: காசித்தும்பைச் செடி ஒன்றை வேரோடு மெல்லப் பிடுங்கி, மண்ணைக் கழுவி, சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்துங்கள். தண்டு கண்ணாடி போன்றது ஆதலால், சில மணி நேரத்தில் சிவந்த கோடுகள் மேலே ஏறுவதைக் கண்ணால் காணலாம். ஒரு செடியை வெயிலிலும் மற்றொன்றை நிழலிலும் வையுங்கள். எதில் மை விரைந்து ஏறுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டு, காரணத்தையும் அவர்களே கூறட்டும்.

நண்பரின் இல்லத்தில் அன்று மாலை மின்சாரம் வந்தது, தொட்டியும் நிரம்பியது. "மின்சாரம் வருவதற்கு முன்பே உங்கள் தென்னைக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவர் அதோ போகிறார்" என்று மேற்கே சாயும் கதிரவனை அச்சிறுமிக்குக் காட்டினேன். அவள் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "கிணற்றிலேயே தண்ணீர் இல்லை என்றால் அவர் என்ன செய்வார்?" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த நண்பர் ஒன்றும் பேசவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், அடுக்களைப் பின்புறக் கழிநீர் தென்னையின் பக்கம் திரும்பும்படி கால் வெட்டத் தொடங்கினார்.

அண்மையில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மேலும் இரண்டு மட்டைகள் விழுந்தனவாம். ஆனால் குருத்து பசுமையாக நிற்கிறதாம். பாளை உருவாகத் தொடங்கி, வெடித்து, காய் முற்றுவதற்குத் தென்னைக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ஆகும். சென்ற கோடையின் தாகம் காய்ப்பில் இன்னும் சில ஆண்டுகள் தெரியத்தான் செய்யும். பொறுத்திருங்கள் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன்.